அடிவயிற்றைக் காட்டும் கண்ணாடி

ஆகஸ்ட் மாதத்து மூன்றாவது சனிக்கிழமை. டெட்ராய்ட்டிலிருந்து வடக்கே பான்டியாக் வரை போகும் உட்வர்ட் சாலையில், பதின்மூன்றாம் மைல் சந்திப்புக்குச் சற்றுத் தள்ளி, பூட்டிய கடை ஒன்றின் வாசலில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். 1995இல் தொடங்கிய பழங்கார்த் திருவிழா. அணிவகுப்பெல்லாம் கிடையாது. அவரவர் வண்டியை எடுத்துக்கொண்டு மேலும் கீழும் ஓட்டுகிறார்கள். லட்சக்கணக்கான சனம் தேர் பார்ப்பதுபோல் இரு பக்கமும் உட்கார்ந்து பார்க்கிறது. காலை எட்டு மணிக்கே காற்றில் அரைகுறையாய் எரிந்த பெட்ரோல் நெடி.

எனக்கு இடப்பக்கம் பத்தடியில் கருஞ்சிவப்பு மஸ்டாங் ஒன்று நிற்கிறது. பானெட் திறந்திருக்கிறது. உள்ளே எஞ்சினைத் தவிர வேறு எதற்கும் இடமில்லை. 1969ஆம் வருடத்து பாஸ் 429. ஒரு அப்பாவும் மகனும் கொண்டு வந்திருக்கிறார்கள். மகன் முட்டி போட்டு, முன்சக்கரங்களுக்கு நடுவே ஒரு கண்ணாடியைத் தள்ளிக்கொண்டிருக்கிறார். நாற்பத்தைந்து வயதிருக்கும். கண்ணாடி இரண்டங்குலம் இப்படி, அரையங்குலம் அப்படி. எழுந்து நின்று பார்க்கிறார், திருப்தியில்லை, மறுபடி முட்டி போடுகிறார். அப்பா நாற்காலியில். எண்பதை நெருங்கும் வயது. தொப்பிக்குக் கீழே காது மட்டும் விழித்திருக்கிறது.

கண்ணாடியில் வண்டியின் அடிவயிறு தெரிகிறது. செங்காவிப் பூச்சு, அதன்மேல் தாறுமாறாகச் சிதறிய கறுப்புத் தெளிப்பு, ஓரத்தில் மஞ்சள் கிரேயானால் கிறுக்கிய குறி. ஆலையில் அன்று யாரோ ஒரு தொழிலாளி ‘முறுக்கியாச்சு, பார்த்தாச்சு’ என்று போட்ட அடையாளம் என்று வந்தவர்களுக்கு மகன் விளக்குகிறார். ஒரு சிறுவன், “ஐம்பது வருஷமா அழியவே இல்லையா?” என்று கேட்கிறான். மகன் நேர்மையானவர். துரு எடுக்கும்போது அழிந்துவிட்டது, புகைப்படம் பார்த்து அதே இடத்தில் திரும்ப வரைந்தோம் என்கிறார். அந்தத் தொழிலாளியின் கை சற்று நடுங்கியிருக்கும்போல, நடுக்கத்தையும் வரைந்திருக்கிறார்கள்.

இந்த வண்டி பிறந்த கதை வேடிக்கையானது. நாஸ்கார் பந்தயத்தில் அந்த 429 கன அங்குல எஞ்சினை இறக்க வேண்டுமானால், பொதுமக்களுக்குக் குறைந்தது 500 வண்டிகளில் அதை விற்றிருக்க வேண்டும் என்பது விதி. ஃபோர்டு அதை மஸ்டாங்கில் வைத்து விற்றது. பந்தயத்தில் ஓட்டியதோ டொரினோ டல்லடேகாவில். சவாரி ஒருவருக்கு, கணக்கு இன்னொருவர் பெயரில். அகலமான அந்த எஞ்சின் மஸ்டாங்கின் வயிற்றுக்குள் போகவும் இல்லை. டியர்போர்ன் ஆலையிலிருந்து வண்டிகளை லாரியில் ஏற்றி, பிரைட்டன் ஊரில் இருந்த கார் கிராஃப்ட் பட்டறைக்கு அனுப்பினார்கள். அங்கே ஷாக் அப்சார்பரைத் தாங்கும் கோபுரங்களை வெளிப்பக்கமாகத் தள்ளி அமைத்தார்கள். மட்கார்டு விளிம்பை உள்ளே மடித்தார்கள். முன்னால் இடமில்லாமல் பேட்டரி டிக்கிக்குப் போனது. இரண்டு மாடல் வருடத்துக்கும் சேர்த்து 1,350க்குச் சற்று மேல் செய்தார்கள். ஒவ்வொன்றின் ஓட்டுநர் கதவிலும் கேகே என்று தொடங்கும் எண் ஒட்டினார்கள்.

வெட்டித் தள்ளி மடித்துத்தான் இந்த வண்டியே உண்டானது. 1969இல் வெட்டினால் அது சரித்திரம், இன்று வெட்டினால் பாவம். இந்தக் கணக்கு எனக்குப் பிடிபட்டதே இல்லை.

ஒரு நீலநிற கமாரோ கடந்து போகிறது. ஓட்டுகிறவர் இரண்டிலிருந்து மூன்றாம் கியருக்குப் போகிறார். நாற்காலியிலிருக்கும் பெரியவரின் வலது உள்ளங்கை முழங்கால்மேல் ஒரு விரற்கடை முன்னே நகர்கிறது. அவருக்குத் தெரியாமலேயே நகர்கிறது. அடுத்து ஒரு பான்டியாக் ஜிடிஓ. கை மறுபடி நகர்கிறது. அரைமணி நேரம் வண்டிகளை விட்டுவிட்டு அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் இதை வாங்கியது சின்ன வயதில், சுமார் ஐந்தாயிரம் டாலருக்கு. முதல் வாரமே வார்ப்பிரும்பு எக்ஸாஸ்டைக் கழற்றி வீசிவிட்டு நீளக்குழாய் மாட்டினாராம். கார்புரேட்டரையும் மாற்றினாராம். அன்று எல்லோரும் அதைத்தான் செய்தார்கள். கம்பெனி இந்த எஞ்சினுக்குச் சின்ன கார்புரேட்டர் வைத்து மூச்சை அடக்கித்தான் அனுப்பியது. காகிதத்தில் 375 குதிரைசக்தி. வாங்கிய மறுநாளே கைவைத்த இப்படிப்பட்ட வண்டிகளுக்கு ‘இரண்டாம் நாள் வண்டி’ என்றே ஒரு வகைப் பெயர் உண்டு. டாஷ்போர்டில் துளைபோட்டு ஒரு மீட்டரும் வைத்திருந்தார். மகன் பழுதுபார்த்தபோது அந்தத் துளை அடைபட்டது. யார் வந்து உள்ளே எட்டிப் பார்த்தாலும் பெரியவர் அந்த இடத்தைத் தொட்டுக் காட்டுகிறார். காட்டுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

மகன் கையில் தடித்த கோப்பு. விற்பனைச் சீட்டு, எண் ஒத்துப்போவதற்கான அத்தாட்சி, புகைப்படங்கள். எஞ்சின் பிளாக்கில் வெட்டிய எண்ணும் வண்டியின் எண்ணும் ஒன்றாக இருந்தால் ஒரு விலை, இல்லையென்றால் வேறு விலை. இந்த ரகம் இன்று ஏலத்தில் இரண்டு மூன்று லட்சம் டாலருக்குப் போகிறது. மகனைப் பணத்தாசைக்காரர் என்று சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. துணியை உதறி, மடித்து, பின்பக்கம் திருப்பித் துடைக்கிறார். குழந்தைக்கு முகம் துடைக்கிறவர்கள் அப்படித்தான் செய்வார்கள்.

எதிர்வரிசையில் இன்னொரு 69 மஸ்டாங் வந்து நிற்கிறது. சாதாரண வகை, லட்சக்கணக்கில் விற்றது. ஒரு பெண் ஓட்டி வந்தார். உள்ளே எல்லாம் புதுசு: நான்கு சக்கரத்துக்கும் பெரிய டிஸ்க் பிரேக், ஐந்து கியர், புது ஸ்டீயரிங், அகலமான ரேடியல் டயர். போன வாரம் இதைப் பந்தயத் தடத்தில் ஓட்டினேன் என்று யாரிடமோ சொல்கிறார். பெரியவரின் காது திரும்புகிறது. எழுந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, குறுக்கே கடந்து அங்கே போகிறார். அந்தப் பெண் கதவைத் திறந்துவிடுகிறார். பெரியவர் உள்ளே இறங்கி உட்கார்ந்து, பிரேக்கை ஒருமுறை மிதிக்கிறார். மறுமுறையும் மிதிக்கிறார். முகத்தில் பசித்தவன் களை.

திரும்பி வந்ததும் பேச்சு தொடங்கியது.

“பின்னாடி டிரம் பிரேக்கை மட்டுமாவது மாத்தலாம்டா. இந்த டயர் ரோட்டுல தடம் கண்டா அது பின்னாடியே போகுது.”

“டயர் சரியான டயர்தான் அப்பா. அன்னைக்கு வந்த பாலிகிளாஸ் அச்சு.”

“அன்னைக்கும் இப்படித்தான் போச்சு. அதனாலதான் அன்னைக்கே மாத்தினேன்.”

“துளை போடாம, வெல்டு வைக்காம மாட்டுறதா இருந்தா யோசிக்கலாம். கழட்டினதைப் பெட்டியில வெச்சிருவோம். கோபுரத்துல மட்டும் கை வைக்கக் கூடாது. ஆயிரத்துச் சொச்சம்தான் செஞ்சாங்க.”

“என்னையும் ஒண்ணுதான் செஞ்சாங்க,” என்று தன் நெஞ்சைத் தட்டிக் காட்டினார் பெரியவர்.

மகன் சிரிக்கவில்லை. அசல் எஞ்சினைக் கழற்றிப் போர்த்தி வைத்துவிட்டு, வேறொரு பிளாக்கை மாட்டி ஓட்டுகிறவர்களைப் பற்றிச் சொன்னார். பெரியவர் அதைக் கேட்டு முகம் சுளித்தார். எனக்கும் அது ஒப்பவில்லை, சொல்ல வாய்தான் இல்லை.

ஸ்டீவ் மக்வீன் ‘புல்லிட்’ படத்தில் ஓட்டிய பச்சை மஸ்டாங் நினைவுக்கு வந்தது. 2020 ஜனவரியில் ஃப்ளோரிடாவில் ஏலம் போனது, கட்டணமெல்லாம் சேர்த்து 37.4 லட்சம் டாலர். பெயிண்ட் மங்கி, துருவோடு, அப்படியே வைத்திருந்ததற்கும் சேர்த்துத்தான் அந்த விலை. ஆனால் அதுவும் படப்பிடிப்புக்காக அடிப்பாகம் பலப்படுத்திய வண்டிதான். கேமரா மாட்டுவதற்கு வைத்த ஒட்டுகளைக்கூட யாரும் எடுக்கவில்லை. இங்கே இந்தப் பெரியவர் போட்ட துளையை அடைத்துவிட்டார்கள். நட்சத்திரம் போட்ட துளை வேறு, நாம் போட்ட துளை வேறு.

நான்கு மணிக்கு மேற்கே மேகம் கட்டியது. முதல் சொட்டு விழுவதற்குள் மகன் பானெட்டை மூடினார். வண்டியை ஏற்றிப்போக மூடிய டிரெய்லர் பின்தெருவில் நிற்கிறது. சாவி பெரியவர் சட்டைப்பையில் இருந்தது. மகன் கை நீட்டினார். பெரியவர் அந்தக் கையில் தொப்பியைக் கொடுத்துவிட்டு ஓட்டுநர் இருக்கையில் போய் உட்கார்ந்தார். கடை வாசலில் நின்ற எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். மகன் ஒரு நிமிடம் நின்றார். பிறகு அந்தப் பக்கம் சுற்றிப்போய் ஏறிக்கொண்டார்.

எஞ்சின் பிடித்ததும் கடைக் கண்ணாடிக் கதவு அதிர்ந்தது. வலப்பக்கம் திரும்பினால் பின்தெரு, டிரெய்லர். வண்டி நேரே உட்வர்டுக்குள் இறங்கி வடக்கே போனது.

அடிவயிற்றுக் கண்ணாடி அங்கேயே கிடந்தது. ஒரு குடும்ப வேன் அந்த இடத்தில் நுழையப் பார்த்தது. நான் ஓடிப்போய்க் கண்ணாடியை எடுத்துக்கொண்டேன். அன்று முழுக்க நான் செய்த ஒரே காரியம் அதுதான்.

உட்வர்டில் நடுத்திட்டு நீளமானது. அதிலுள்ள திருப்பத்தில் வளைந்துதான் இந்தப் பக்கம் வர முடியும். தூறலில் கண்ணாடியைச் சட்டையால் மூடிக்கொண்டு நின்றேன். பத்து நிமிடத்தில் எதிர்ச்சாலையில் அந்தச் சத்தம் வந்தது. கருஞ்சிவப்பு வண்டி நனைந்துகொண்டு தெற்கே போனது. மகன் ஒரு கையால் கோப்பை மடியில் அழுத்திக்கொண்டு, இன்னொரு கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, டயர் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கண்ணாடியை உயர்த்திக் காட்டினேன். நிறுத்தவில்லை.