பட்டாளத்துப் படமும் பசைக் கிண்ணமும்

பழைய போர்ப்படம் ஒன்று மேசைக்கு வந்தால், புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகளின் கண் நேரே வாளுக்கும் புகைக்கும் போகும். அது தப்பில்லை, படம் வரைந்தவன் அதற்காகத்தான் வரைந்தான். ஆனால் பழுது பார்க்கிறவன் முதலில் பார்க்க வேண்டியது ஓரத்தை. செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்ட படமென்றால், படத்தைச் சுற்றித் தாளில் ஒரு சின்னப் பள்ளம் இருக்கும். அச்சுப் பொறியின் உருளை அழுத்தியதில் தகடு விட்ட தடம் அது. கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டினாலே தெரியும்.

என்னிடம் வருவதில் பாதிக்கு மேல் ஸ்ரீரங்கப்பட்டணமும் அஸ்ஸாயேயும்தான். ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரிகளின் வீட்டிலிருந்தும் நீலகிரிப் பக்கத்துப் பழைய பங்களாக்களிலிருந்தும் வரும். ஸ்காட்லாந்தின் 74ஆம் ஹைலேண்டர் காலாட்படை இரண்டு போரிலும் இருந்தது. 1799 மே 4 அன்று திப்புவின் கோட்டைக்குள் பாய்ந்த பட்டாளங்களில் அதுவும் ஒன்று. 1803 செப்டம்பர் 23 அன்று அஸ்ஸாயேயில் மராத்தியப் படையோடு மோத சுமார் 500 பேராக இறங்கி, 400 பேரளவுக்குச் செத்தும் காயம்பட்டும் போனார்கள். அந்தப் போருக்காகக் கிடைத்த யானைச் சின்னம் அவர்களுக்கும் உண்டு, உடன் நின்ற சென்னைச் சிப்பாய்ப் படைகளுக்கும் உண்டு. வெலிங்டனில் இருக்கும் மெட்ராஸ் ரெஜிமென்ட் இன்றும் தொப்பியில் அணிவது அந்த யானையைத்தான். அதனால்தான் இந்தப் படங்களை இங்கே இவ்வளவு பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

பத்திரமாக என்று சொல்லிவிட்டேன். பிரேமைக் கழற்றினால் வேறு கதை. சட்டத்துக்குள் அடங்கவில்லையென்று தாளின் ஓரத்தைக் கத்தரித்திருப்பார்கள். தகட்டுத் தடம் போயிருக்கும். அதோடு படத்துக்கு அடியில் பொடி எழுத்தில் ஓடும் வரியும் போயிருக்கும். இங்கிலாந்தில் 1735இல் வந்த சட்டப்படி, செதுக்குப் படத்தின் உரிமை காக்கப்பட வேண்டுமானால் உரிமைக்காரர் பெயரும் வெளியிட்ட தேதியும் தகட்டிலேயே இருக்க வேண்டும். அந்த வரிதான் படத்தின் பிறப்புச் சான்றிதழ். ஆகவே எந்தப் படத்தையும் பிரேமுக்காக வெட்டாதீர்கள். பிரேமைப் பெரிதாக்குங்கள்.

தேதி வரி இருந்தாலும் அவசரப்பட்டு நம்பக்கூடாது. தாளை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்து நீரெழுத்தைப் பாருங்கள். 1794க்குப் பிறகு ஆங்கிலேயத் தாள் ஆலைகள் நீரெழுத்தில் ஆண்டையும் சேர்க்கத் தொடங்கின. வாட்மன் தாளில் பெயரும் ஆண்டும் பளிச்சென்று தெரியும். தேதி வரி 1803 என்றும் நீரெழுத்து 1816 என்றும் சொன்னால், தகடு பழையது, அச்சு பிந்தியது. அதற்குள் தகடு தேய்ந்திருக்கும், புகையின் சாம்பல் நிறம் வெளிறியிருக்கும். அதை நாம் சாயம் பூசிக் கறுப்பாக்கப் போகக்கூடாது. தேய்ந்த அச்சு தேய்ந்த அச்சாகவே இருக்கட்டும்.

எங்கள் வாத்தியார் முதல் மழைக்காலம் முழுக்க என்னைப் படத்தைத் தொடவிடவில்லை. பசை காய்ச்சத்தான் விட்டார். கோதுமை மாவைப் பிசைந்து, தண்ணீரில் அலசி, ஒட்டுகிற சவ்வைத் தூக்கிப் போட வேண்டும். அடியில் தங்கும் வெள்ளை மாவுதான் வேண்டியது. மேல்நீரை வடித்து, புதுத் தண்ணீர் ஊற்றி, சிறு தீயில் கிண்டிக்கொண்டே இருந்தால் வெள்ளை மறைந்து கண்ணாடிப் பதம் வரும். ஆறியதும் மெல்லிய துணியில் பிழிந்து எடுக்க வேண்டும். பைண்டிங் கடைகளில் பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் கலப்பார்கள். வாத்தியார் அதைக் கடைக்குள்ளேயே சேர்க்கமாட்டார். செம்பு தாளைத் தின்னும், ராமபாணப் பூச்சியைவிட மெதுவாக, ஆனால் முழுசாக. “பூச்சிக்குப் பயந்தா பசையைத் தினமும் புதுசா காய்ச்சு” என்பார்.

வெள்ளைக்காரக் காலாட்படைகள் எல்லாம் சிவப்புக் கோட்டுதான். எது எந்தப் பட்டாளம் என்று சொல்வது கழுத்துப்பட்டி, கைமடிப்பு நிறம். 12ஆம் படைக்கு மஞ்சள், 33க்குச் சிவப்பு, 73க்குக் கரும்பச்சை, 74க்கு வெள்ளை. ஒருமுறை வந்த கையால் வண்ணமிட்ட படத்தில் கைமடிப்பெல்லாம் கறுப்பு. கொண்டுவந்தவர், “இது 74 இல்லையோ, ஏமாந்துட்டேனோ” என்று கவலைப்பட்டார். லென்ஸ் வைத்துப் பார்த்தேன். கறுப்பு ஒரே சீராக இல்லை. விளிம்பில் பழுப்பு, கனமாகப் பூசிய இடத்தில் ஈயம்போல ஒரு மினுமினுப்பு. தாளை வெறுமனே விட்டிருந்த இடங்களில் வெள்ளை அப்படியே இருந்தது. ஈய வெள்ளை பல்லாண்டுப் புகையிலும் கந்தகக் காற்றிலும் கறுத்துப் போனதுதான். பிளாஸ்டர் ஆப் பாரிஸ் கட்டியை ஹைட்ரஜன் பெராக்சைடில் ஊறவைத்து, தாளில் படாமல் கிட்டத்தில் பிடித்தால் ஆவி மட்டும் போய்ச் சேரும். கறுப்பு சாம்பலாகி, சாம்பல் வெள்ளையாகும். கொஞ்சம் காட்டு, எடு, பார், மறுபடி காட்டு. 74 திரும்பி வந்துவிட்டது. கறுப்பைக் கண்டதும் சுரண்டியிருந்தால் வண்ணம் போய் வெறும் தாள்தான் மிஞ்சியிருக்கும்.

தண்ணீர் விஷயத்திலும் இதே நிதானம் வேண்டும். அச்சு மை எண்ணெயில் குழைத்தது, தண்ணீருக்கு அசையாது. மேலே பூசிய வண்ணம் அப்படியல்ல. கடையில் ஒரு பையன், மை கரையவில்லை என்று கண்டதும் தாளைத் தொட்டியில் இறக்கப் போனான். கையைப் பிடித்தேன். சிவப்பு, நீலம், மஞ்சள் ஒவ்வொன்றிலும் கண்ணில் படாத மூலையில் ஒரு துளி ஈரம் வைத்து, ஒற்றுத்தாளால் அழுத்தச் சொன்னேன். சிவப்பு ஒட்டவில்லை. மஞ்சள் ஒற்றுத்தாளுக்கு வந்துவிட்டது. அந்தப் படத்துக்குத் தொட்டி கிடையாது. பின்னட்டையை உலர்ந்தபடியே, மழுங்கிய கத்தியால் இழை இழையாக உரித்தோம்.

ஸ்ரீரங்கப்பட்டணப் படங்களில் பேர்போனது ராபர்ட் கெர் போர்ட்டருடையது. 1800இல் லண்டனில் 120 அடி நீளத்துக்கு வரைந்து மாட்டினார். அது பிற்பாடு நெருப்பில் போய்விட்டது. வெண்ட்ராமினி புள்ளி புள்ளியாகச் செதுக்கிய அச்சுப் படங்கள்தான் மிச்சம். வரைந்தபோது போர்ட்டர் இந்தியாவைப் பார்த்ததே இல்லை. இதைச் சொல்லி வாடிக்கையாளரிடம் வாதாடுவது நம் வேலையல்ல. ஆனால் லென்ஸில் நமக்குச் சில தெரியும். வண்ணமிட்ட பிரதி ஒன்றில் மைசூர் வீரர் முகங்களுக்கெல்லாம் வண்ணக்காரர் ஒரே பழுப்பை இழுத்துவிட்டுப் போயிருந்தார். அடியில் செதுக்கியவர் ஒவ்வொரு கன்னத்துக்கும் தனித்தனியாகப் புள்ளி வைத்திருந்தார். அந்தப் பழுப்பைத் திருத்தலாமா என்று கை துறுதுறுக்கும். கூடாது. அவசரமும் அந்தப் பிரதியின் சரித்திரம்தான்.

கிழிசலுக்கு ஜப்பான் டிஷ்யூவைக் கையால் கிழித்தே ஒட்டுங்கள். கத்தரித்த விளிம்பு கோடாகத் தெரியும், கிழித்த விளிம்பில் நார் படிந்துகொள்ளும். ஓட்டை விழுந்த இடத்தில் தாளின் நிறத்தை மட்டும் கொண்டுவாருங்கள். ஒரு வீரனின் கை அங்கே இருந்திருக்குமென்று நிச்சயமாகத் தெரிந்தாலும் வரையாதீர்கள். முடித்ததும் என்ன பசை, எந்த டிஷ்யூ, எங்கே ஈரம் பட்டது, எங்கே படவில்லை என்று ஒரு தாளில் பென்சிலால் எழுதிப் படத்தோடு கொடுங்கள். நாளைக்கு உங்கள் ஒட்டைப் பிரிக்க ஒருவர் உட்காருவார். அவருக்கு அது தேவைப்படும்.