குளிரை நிறுத்து... காத்தை நிறுத்தாதே!

லடாக்னாலே எல்லாரும் ஜூன், ஜூலையிலதானே பிளான் போடுவாங்க? நானும் ரூம்மேட்டும் போனது அக்டோபர் கடைசி வாரம். காரணம் ரொம்ப சிம்பிள்... அப்பதான் லீவு கிடைச்சுது!

லே நகரம் சுமார் 3,500 மீட்டர் உயரம். நம்ம ஊட்டியே 2,240 மீட்டர்தான்னா பாத்துக்கோங்க. முதல் ரெண்டு நாள் தலைவலியோட படுத்தே கிடந்தோம். மூணாவது நாள்தான் வீட்டையே சுத்திப் பார்த்தோம். பக்கத்துக் கிராமத்தில் ஒரு மண் வீடு, ஹோம்ஸ்டே. வீட்டம்மாவை ‘அமாலே’ன்னும் ஐயாவை ‘அபாலே’ன்னும் கூப்பிடணும். கடைசியில வர்ற ‘லே’ மரியாதைக்கு.

வீடு கல்யாண வீடு மாதிரி ஒரே பரபரப்பு. வரப்போற விருந்தாளி யாருன்னா... குளிர்! ஜனவரியில் சில ராத்திரி மைனஸ் 20 டிகிரி வரைக்கும் போயிடுமாம்.

சும்மா உட்கார்ந்திருந்தா நல்லாவா இருக்கும்? நாங்களும் இறங்கிட்டோம். தோட்டத்தில் குழி தோண்டி, உருளைக்கிழங்கு, கேரட், டர்னிப்பை எல்லாம் புதைச்சோம். மண்ணுக்கு அடியில உறையாம இருக்கும். மாட்டுக்கான புல்லுக்கட்டுகளை மொட்டை மாடிக்கு ஏத்தினோம். தீவனத்துக்குத் தீவனம், கூரைக்கு ஸ்வெட்டர்!

அடுத்தது தண்ணிக் குழாய். மெயின் வால்வை மூடி, பைப்பில் இருந்த தண்ணியைச் சொட்டு விடாம வடிச்சு, டேப்பைத் திறந்தே விட்டுட்டார் அபாலே. ஏன்னு கேட்டா சிரிச்சார். தண்ணி ஐஸ் ஆகும்போது சுமார் 9 சதவீதம் பெருக்கும். ப்ளஸ் டூவில் படிச்சதுதான்! உள்ளே தண்ணி நின்னா பைப் பட்டுனு வெடிச்சிடும்.

கடைசியா புகாரி. நடுவுல நிக்கிற இரும்பு அடுப்பு. அதிலிருந்து ஒரு குழாய் கூரை வழியா வெளியே போகும். அந்தக் குழாயைக் கழட்டித் தட்டினா ஒரு கூடை கரி கொட்டுச்சு. அபாலே தலை முதல் கால் வரை கறுப்பு. "எந்த வேலையை விட்டாலும் இதை மட்டும் விடக்கூடாது"ன்னார். அப்போ எங்களுக்குப் புரியலை.

அன்னிக்கு ராத்திரியே புரிஞ்சுது.

புகாரி இருந்தது சமையல் கட்டில் மட்டும்தான். பனிக்காலத்தில் மொத்தக் குடும்பமும் அந்த ஒரே ரூமுக்கு வந்திடும். எங்க ரூமில் ரெண்டு ரஜாய் போட்டும் பல்லு தந்தி அடிச்சுது. முற்றத்தில் ஒரு சட்டியில் கரி கனிஞ்சுக்கிட்டு இருந்ததைப் பார்த்தான் ரூம்மேட். "மச்சி, புகையே இல்லடா!"ன்னு தூக்கிட்டு வந்துட்டான். ஜன்னலைச் சாத்தி, கதவிடுக்கில் டவலையும் அடைச்சோம். ஆஹா, சொர்க்கம்!

கொஞ்ச நேரத்தில் அவனுக்குத் தலைவலி. "ஹைட்டு இன்னும் செட் ஆகலை போல"ன்னேன். எனக்கும் குமட்டல், ஒரே தூக்கக் கலக்கம். நல்லவேளை, வெந்நீர் ஃப்ளாஸ்க் குடுக்க அமாலே கதவைத் தட்டினாங்க. உள்ளே பார்த்தவங்க ஒரு வார்த்தை பேசலை. கதவை விரியத் திறந்து, சட்டியை வெளியே இழுத்துப் போட்டு, எங்க ரெண்டு பேரையும் பனியில நிக்க வெச்சுட்டாங்க. அப்புறம்தான் திட்டு!

"புகையே இல்லையே அமாலே..."

"புகை இருந்தா இருமி முழிச்சிருப்பீங்க. இது முழிக்க விடாது!"

அமாலே சொன்ன ‘இது’, கார்பன் மோனாக்சைடு. நிறமில்லை, வாசனையில்லை. ரத்தத்தில் இருக்கிற ஹீமோகுளோபினோடு ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் மேலே இறுக்கமா ஒட்டிக்கும். தலைவலி, வாந்தி, மயக்கம்னு வர்றதால மலையில இருக்கிறவங்க ‘உயரத்தால வருது’ன்னு ஏமாந்துடுவாங்க... நான் ஏமாந்த மாதிரியே. புகாரிக் குழாயை அபாலே ஏன் அப்படித் தட்டினார்னு அப்பதான் உறைச்சுது. அந்தக் குழாய் அடைச்சா இதே வாயு வீட்டுக்குள்ளயே தங்கிடும்.

தீயே இல்லாம ரூம் சூடாகாதா? மறுநாள் கேட்டேன். "ஃபே கிராமத்துக்குப் போய்ப் பாருங்க"ன்னு அனுப்பினார் அபாலே.

சிந்து நதிக்கரையில் செக்மால் கேம்பஸ். 1988-ல் லடாக் மாணவர்கள் சிலர் சேர்ந்து ஆரம்பிச்ச அமைப்பு. அதில் ஒருத்தர் சோனம் வாங்சுக். ‘நண்பன்’ படத்தோட இந்தி ஒரிஜினல் ‘3 இடியட்ஸ்’ (2009) ஹீரோவுக்கு இவர்தான் இன்ஸ்பிரேஷன்னு பலரும் சொல்வாங்க. கட்டடம் எல்லாம் வெறும் மண்! தெற்குப் பக்கம் முழுக்கப் பெரிய ஜன்னல். குளிர் காலத்தில் அதுக்கு முன்னால பிளாஸ்டிக் ஷீட்டில் ஒரு கிரீன்ஹவுஸ். டிசம்பர் 21 மதியம் அங்கே சூரியன் சுமார் 32 டிகிரி உயரத்துக்குத்தான் ஏறும். அந்தத் தாழ்ந்த வெயில் நேரா உள்ளே விழுந்து, தடி மண் சுவர்ல தேங்கி, ராத்திரி மெதுவா வெளியே வரும். வெளியே மைனஸ் 15 இருந்தாலும் உள்ளே ப்ளஸ் 15! அங்கே இருக்கிற மண் கட்டடம் ஒண்ணுக்கு 2016-ல் சர்வதேச ‘டெரா’ விருதே கிடைச்சிருக்கு.

திரும்பி வந்து அமாலே வீட்டுத் தெற்கு ஜன்னலுக்கு பிளாஸ்டிக் ஷீட் அடிக்க நாங்களே ஆணி பிடிச்சோம். சமையல் கட்டு ஜன்னலில் மட்டும் மேலே ஒரு சாண் இடத்தை விடச் சொன்னாங்க அமாலே. குளிர் வராதான்னு கேட்டேன். "வரட்டும். காத்தும் வரும்ல?"

நம்ம ஊட்டி, கொடைக்கானல்லயும் கரி அடுப்பை ரூமுக்குள்ள வெச்சுட்டுத் தூங்கி எழுந்திரிக்காமலே போனவங்க உண்டு. டூர் போறப்போ ஞாபகம் வெச்சுக்கோங்க. அடுப்பு, பார்பெக்யூ, அணைஞ்ச மாதிரி தெரியற கரி... எதுவா இருந்தாலும் வாசலுக்கு வெளியேதான். தலை சுத்துச்சுன்னா முதல்ல ஆளு வெளியே, அப்புறம் 108.

போன ஜனவரியில் ரூம்மேட் ஊட்டி போயிருந்தான். ராத்திரி போன் பண்ணினான். "மச்சி, லாட்ஜ்ல கரிச் சட்டி வேணுமான்னு கேட்டாங்கடா."

"நீ என்ன சொன்னே?"

"ரெண்டு கம்பளி எக்ஸ்ட்ரா கேட்டேன். இன்னும் குளிருதுடா... ஆனா ஜன்னல் கொஞ்சம் திறந்துதான் இருக்கு."