மூக்கை நம்பலாமா?



எங்க அப்பா நாகல்நகர்ப் பக்கம் பீரோவுக்குப் பெயிண்ட் அடிக்கிறார். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் சட்டையெல்லாம் தின்னர் வாடை. “தலை சுத்துது, கொஞ்ச நேரம் காத்தாட உட்கார்றேன்” என்று வாசலிலேயே உட்கார்ந்துவிடுவார். வேலைக்காக முகர்கிறவருக்கே இந்தப் பாடு! நம்ம வயசுப் பசங்க சிலரோ பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனை விளையாட்டுக்கு முகர்கிறார்கள். கேட்டால், “வாசனை நல்லாயிருக்குடா, ஒண்ணும் ஆகாது” என்கிறார்கள்.

ஒண்ணும் ஆகாதா? தின்னர், சொல்யூஷன் போன்றவற்றில் டொலுவீன் மாதிரியான ரசாயனங்கள் இருக்கின்றன. முகர்ந்தால் நுரையீரல் வழியாக ரத்தத்தில் கலந்து சில நொடிகளில் மூளைக்குப் போய்விடும். பழக்கமாகிவிட்டால் ஞாபகசக்தி குறையும், நடை தள்ளாடும். அதைவிடப் பயங்கரம், இதயத்துடிப்பு தாறுமாறாகித் திடீரென நின்றுவிடலாம். இப்படி இறந்த 110 இளம் வயதினரைப் பற்றி 1970-லேயே ஓர் அமெரிக்க டாக்டர் எழுதியிருக்கிறார். முதல் தடவையே கடைசித் தடவையாகவும் ஆகலாம்! நம் நாட்டிலும் 2012-ல் பாட்டில் ஒயிட்னர், தின்னர் சில்லறை விற்பனையை மத்திய அரசு தடை செய்தது.

நல்ல வாசனை வந்தால் நல்ல பொருள் என்று அர்த்தமில்லை. சமையல் கேஸுக்குச் சொந்தமாக வாடையே கிடையாது. கசிந்தால் நமக்குத் தெரியட்டும் என்றுதான் அதில் நாற்றத்தைச் சேர்க்கிறார்கள். அந்த நாற்றம் நம் உயிர்க்காவலன்! கரியடுப்பிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கோ வாடையே இல்லை. 2024 ஆகஸ்டில் நம் மாவட்டத்துக் கொடைக்கானலில், விடுதி அறைக்குள் கரியடுப்பு வைத்துத் தூங்கிய இரண்டு இளைஞர்கள் எழுந்திருக்கவேயில்லை.

ஒரு முக்கியமான விஷயம். யாராவது சொல்யூஷன் முகர்வதைப் பார்த்தால் அதட்டாதீர்கள், துரத்தாதீர்கள். ஆசிரியர்களுக்கும் இது என் பணிவான வேண்டுகோள். பயந்து ஓடும்போது உடம்பில் அட்ரினலின் சுரக்கும். ஏற்கெனவே தடுமாறும் இதயத்தை அதுவே நிறுத்திவிடலாம். மெதுவாகப் பேசிக் காற்றோட்டமான இடத்தில் உட்கார வையுங்கள். மயங்கினால் உடனே 108-க்குப் போன் செய்யுங்கள். பழக்கத்தை விட முடியாமல் தவிக்கும் நண்பனுக்கு 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைச் சொல்லுங்கள். காட்டிக்கொடுப்பது தப்பு என்று சும்மா இருந்துவிடாதீர்கள். அவன் உயிரோடு இருந்தால்தான் நம்மோடு கோபித்துக்கொள்ளவாவது முடியும்!

வாசனை வேண்டுமா? திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் மல்லிகைப்பூ இருக்கு. சொல்யூஷன் டியூப் டயருக்கு மட்டும் போதும்!

– 10ஆம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு மாணவன்