குப்பைக்கு ஒரு கவுன்சில், குழிக்கு ஒரு கவுன்சில்

இங்கிலாந்தில் நார்தாம்ப்டன் என்று ஓர் ஊர். 2021-க்கு முன்னால் அங்கே குடியிருந்த ஒருவர் வீட்டில் குப்பை எடுக்க ஆள் வரவில்லை என்றால் பரோ கவுன்சிலுக்குப் போன் செய்ய வேண்டும். வாசல் ரோட்டில் குழி விழுந்தால் கவுண்டி கவுன்சிலுக்கு. இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. குப்பையை வீடு வீடாக எடுப்பது பரோவின் வேலை, எடுத்த குப்பையை ஒழித்துக்கட்டுவது கவுண்டியின் வேலை! வரிக்கான பில்லை அனுப்பி வசூலிப்பது பரோ, வசூலில் பெரும்பங்கு போவது கவுண்டிக்கு.

இந்த இரண்டடுக்கு முறை 1972-ஆம் வருடச் சட்டத்தில் வந்து, 1974 ஏப்ரல் 1 முதல் நடைமுறையானது. பள்ளிகள், சாலைகள், நூலகங்கள், முதியோர் மற்றும் குழந்தைகள் பராமரிப்பு எல்லாம் மேலே இருக்கும் கவுண்டிக்கு. குப்பை, வீட்டுவசதி, கட்டிட அனுமதி போன்றவை கீழே இருக்கும் டிஸ்ட்ரிக்ட் அல்லது பரோவுக்கு.

கணக்குப் படித்தவர் எவரும் இதைப் பார்த்தவுடன் கேட்கும் கேள்வி ஒன்றுதான். எதற்கு இரண்டு தலைமை அதிகாரி, இரண்டு ஆபீஸ், இரண்டு கணக்குப் பிரிவு? ஒன்றாக்கினால் மிச்சம்தானே? அரசுகளும் அப்படித்தான் நினைத்தன. 2009-ல் 44 கவுன்சில்களைக் கலைத்து 9 ஓரடுக்குக் கவுன்சில்கள் ஆக்கினார்கள். 2023-ல் கம்ப்ரியா, வட யார்க்‌ஷயர், சாமர்செட். 2024 டிசம்பரில் வந்த வெள்ளை அறிக்கை, மிச்சமிருந்த 21 இரண்டடுக்குப் பகுதிகளையும் மாற்றச் சொன்னது. புதிய கவுன்சிலுக்கு ஐந்து லட்சம் மக்களாவது இருப்பது நல்லது என்பது அதன் கணக்கு.

சரி, இதில் என்ன சிக்கல்? நார்தாம்ப்டன்ஷயர் கதையைப் பாருங்கள்.

அந்தக் கவுண்டி கவுன்சில் பல ஆண்டுகள் வரியை உயர்த்தாமல் காலம் தள்ளியது. முதியோர், குழந்தைகள் பராமரிப்புச் செலவோ ஏறிக்கொண்டே போனது. இதற்கு நடுவில் 5.3 கோடி பவுண்டில் புதுத் தலைமையகம், 2017-ல் திறப்பு விழா. 2018 பிப்ரவரியில் கஜானா காலி. அவசியமான செலவு தவிர வேறு எதுவும் செய்யக்கூடாது என்று 114-வது பிரிவின் கீழ் நோட்டீஸ் போட்டார்கள். புதுக் கட்டிடத்தையும் அதே ஆண்டு விற்றுவிட்டு, அதிலேயே வாடகைக்கு இருந்தார்கள்!

விசாரிக்க வந்த ஆய்வாளர், இந்தக் கவுன்சிலைச் சரிசெய்ய முடியாது, கலைத்துவிட்டுப் புதிதாக ஆரம்பியுங்கள் என்றார். 2021 ஏப்ரல் 1 அன்று கவுண்டியோடு சேர்த்து ஏழு கீழடுக்குக் கவுன்சில்களும் போயின. அந்த ஏழில் ஒன்றுகூட 114 நோட்டீஸ் போட்டதில்லை. 1189-லேயே அரச சாசனம் வாங்கிய நார்தாம்ப்டனின் கவுன்சிலும் அதில் ஒன்று. எட்டுக்குப் பதில் இரண்டு வந்தன: வடக்கு நார்தாம்ப்டன்ஷயர், மேற்கு நார்தாம்ப்டன்ஷயர்.

இரண்டு கம்பெனிகள் இணைந்தால் சொத்து மட்டுமா வரும்? கடனும் கூடவே வரும். இங்கேயும் அதேதான். மிச்சமாவது ஆபீஸ் செலவு. ஆனால் கவுண்டியைக் கவிழ்த்தது ஆபீஸ் செலவு மட்டும் இல்லை, பராமரிப்புச் செலவும்தான். பெயர்ப்பலகை மாறியதால் ஊரில் முதியவர்கள் குறைந்துவிடுவார்களா? மேலும், ஏழை இணைக்கும்போதே ஒன்றாக இருந்த கவுண்டியை இரண்டாக வெட்டவும் வேண்டியிருந்தது. குழந்தைகள் பராமரிப்பை வெட்ட முடியாமல், இரண்டு கவுன்சில்களுக்கும் பொதுவாக ஓர் அறக்கட்டளை வைத்து நடத்தினார்கள்.

இன்னொரு கணக்கும் உண்டு. முன்பு எட்டு மன்றங்களிலும் சேர்த்து முன்னூறுக்கும் மேற்பட்ட உறுப்பினர் இடங்கள் இருந்தன. 2021-ல் அது 171 ஆனது. செலவு குறைந்தது உண்மை. ஆனால் கிழவி ஒருத்தி, "எங்க தெரு விளக்கு எரியல தம்பி" என்று சொல்லப் போகும் வாசல்களும் குறைந்தன. இந்த இழப்பு எந்த வரவுசெலவு அறிக்கையிலும் வராது.

ஊர்க்காரர்கள் இதைச் சும்மா விடவில்லை. நார்தாம்ப்டன், கெட்டரிங், கார்பி மூன்றிலும் புதிதாக டவுன் கவுன்சில்கள் முளைத்தன. மேயர் பதவி, ஊர் விழாக்கள் எல்லாம் நார்தாம்ப்டனில் டவுன் கவுன்சிலிடம் வந்தன. அதற்கென்று வரி பில்லில் தனியாக ஒரு வரி! ஆக, ஓரடுக்கு என்று ஆரம்பித்தது சத்தமில்லாமல் மறுபடியும் இரண்டடுக்கு ஆனது.

அப்படியானால் இணைப்பே தப்பா? இல்லை. குப்பைக்கும் குழிக்கும் ஒரே நம்பர் என்பது நல்ல விஷயம்தான். யார் பொறுப்பு என்ற பந்தாட்டம் குறையும். ஆனால் பணம் மிச்சம் என்ற ஒற்றைக் காரணத்துக்காகச் செய்தால், பற்றாக்குறை அப்படியே இருக்கும், பக்கத்தில் இருந்த ஆள்தான் காணாமல் போவார். ஊர் மக்கள் தங்கள் கைக்காசைப் போட்டு இன்னொரு கவுன்சிலை உருவாக்கிக்கொள்கிறார்கள் என்றால், அவர்களுக்கு எது தேவைப்பட்டது என்று லண்டனில் கணக்குப் போட்டவர்கள் முதலிலேயே கேட்டிருக்கலாமே?