திரும்பி வரும் வாசல்

தாராவியில் வளர்ந்த வாலிப சகோதரி ஒருத்திக்குக் கோயம்புத்தூரில் முதல் நூலகர் வேலை கிடைத்தது. அதிகாலையில் இட்லி அவித்து விற்கும் விதவைத் தாய்க்கு அவளே துணை. "போகலாமா, பாஸ்டர்?" என்று கலங்கினாள்.

சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதனைக் குறித்து அவளுக்குச் சொன்னேன். கணிதம் போதித்த அவர், 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். தனிமை தாளாமல், விரைவிலேயே பழைய பணியைத் திரும்பக் கேட்டார். லண்டனில் பயின்று வந்த பிறகும் மனமில்லையெனில் திரும்பலாம் என்றார்கள். பயின்று வந்தவரோ ஏறக்குறைய 20 ஆண்டுகள் நூலகத்திலேயே நிலைத்துவிட்டார்.

"முதல் மாதத் தனிமையை வைத்துத் தீர்மானிக்காதே. ஒரு வருடம் தவணை வைத்துப் போ, திரும்பி வருவது தோல்வியன்று" என்றேன்.

தாய் கண்களைத் துடைத்துக்கொண்டார். "போயிட்டு வாம்மா. இட்லிப் பானையை நான் பார்த்துக்கிறேன்."

பெற்றோரே, பிள்ளைகளை அனுப்பும்போது, திரும்பி வரும் வாசலையும் திறந்து வையுங்கள்.