ஆலை பெற்ற ஊர்: ஜிரார்டுவ்

போலந்துத் தலைநகர் வார்சாவிலிருந்து தென்மேற்கே 45 கிலோமீட்டர் போனால் ஜிரார்டுவ் வருகிறது. மசோவியச் சமவெளி ஊர். மலை கிடையாது, பிசியா கோங்கோலினா என்ற சிற்றாறு தவிரச் சொல்லிக்கொள்ளும்படி நதியும் கிடையாது. கோட்டை, கொத்தளம் தேடுகிறவர்களுக்கு இங்கே வேலையில்லை. சுமார் 40,000 பேர் வாழும் இந்த ஊரின் ஆலைக் குடியிருப்பை 2012-இல் போலந்து தன் வரலாற்றுச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது.

ஊரின் பெயர் பிலிப் த ஜிரார் என்ற பிரெஞ்சுக்காரருடையது. ஆளிச்செடித் தண்டின் நாரிலிருந்து லினன் நூல் நூற்க நல்ல இயந்திரம் கண்டுபிடிப்பவருக்குப் பத்து லட்சம் பிராங்க் தருவதாக 1810-இல் நெப்போலியன் அறிவித்தார். நாரை நனைத்து நூற்கும் இயந்திரத்தை ஜிரார் அதே ஆண்டில் உருவாக்கினார். நெப்போலியன் வீழ்ந்தார், பரிசும் போயிற்று. கடனில் மூழ்கிய ஜிரார் ஆஸ்திரியா போய், பிறகு ரஷ்யப் பேரரசின் கீழிருந்த போலந்துக்கு வந்து சேர்ந்தார். வார்சாவை ஒட்டித் தொடங்கப்பட்ட லினன் ஆலை, 1833-இல் வுபியென்ஸ்கி சகோதரர்களின் நிலத்திலிருந்த ரூதா குசோவ்ஸ்கா கிராமத்துக்கு இடம் மாறியது. அதன் தொழில்நுட்பத்தைக் கவனித்தவர் ஜிரார். ஆலையைச் சுற்றி வளர்ந்த குடியிருப்புக்கு அவர் பெயரே நிலைத்தது. பரிசு கிடைக்காத மனிதருக்கு ஓர் ஊர் கிடைத்தது.

1845-இல் வார்சா-வியன்னா ரயில்பாதை இவ்வழியே வந்தது. 1857-இல் ஹீல்லே, திட்ரிக் என்ற இருவர் ஆலையை வாங்கிய பிறகு அது ஐரோப்பாவின் பெரிய லினன் ஆலைகளில் ஒன்றானது. போலந்துக்காரர்களோடு ஜெர்மானியர், செக் நாட்டவர், யூதர், ஸ்காட்லாந்துக்காரர் எனப் பலரும் குடியேறினார்கள். செங்கல் வீடுகள் வரிசை வரிசையாக எழுந்தன. மருத்துவமனை, பள்ளி, குழந்தைகள் காப்பகம், துணி துவைக்கும் கூடம் எல்லாம் ஆலையே கட்டியது. இதைத் திட்ரிக்கின் பெருந்தன்மை என்று மட்டும் எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. வேலை, வீடு, மருந்து மூன்றும் ஒரே கையிலிருந்து வரும் ஊரில் அந்தக் கையை எதிர்ப்பது எத்தனை கடினம்!

எதிர்த்தவர்கள் பெண்கள். 1883 ஏப்ரலில் நூல் சுற்றும் பிரிவில் கூலியைக் குறைத்தபோது அங்கிருந்த இளம்பெண்கள் வேலையை நிறுத்தினார்கள். சில நாட்களில் ஆலை முழுவதும் நின்றது. வேலைநிறுத்தத்தில் ஏறத்தாழ 8,000 பேர். படை வந்தது, சுட்டது, மூவர் இறந்தனர். ஆனாலும் நிர்வாகம் இறங்கிவந்தது. ரஷ்ய ஆட்சியிலிருந்த போலந்தில் இந்த அளவுக்கு ஒரு வேலைநிறுத்தம் அதற்கு முன் நடந்ததில்லை. செங்கல் கட்டடங்களைவிட இதுவே ஊரின் பெருமை என்பேன்.

1915-இல் பின்வாங்கிய ரஷ்யப் படை ஆலையை வெடிவைத்துத் தகர்த்தது. மறு ஆண்டு, ஆலை சிதைந்து கிடந்த நேரத்தில், ஜிரார்டுவுக்கு நகர அந்தஸ்து கிடைத்தது. 1920களில் ஆலை பிரெஞ்சு முதலாளி மார்செல் புசாக் தரப்பின் கைக்குப் போனது (பின்னாளில் கிறிஸ்தியன் தியோரின் ஆடையகத்துக்குப் பணம் போட்டவர் இவர்தான்). ஆட்குறைப்பும் வறுமையும் ஊரை வாட்டின. 1932-இல், வேலையிழந்த பிளகோவ்ஸ்கி என்ற ஊழியர் ஆலை இயக்குநர் கேலரை வார்சாவில் சுட்டுக் கொன்றார். வழக்கு நாட்டையே உலுக்கியது. போலந்துப் பொதுமக்களில் பலரின் அனுதாபம் சுட்டவர் பக்கம் இருந்தது. சில ஆண்டுகளில் ஆலை போலந்து அரசின் பிடிக்குள் வந்தது.

சிறுவயதிலேயே இந்த ஆலையில் வேலை செய்த பாவெல் ஹுல்கா-லஸ்கோவ்ஸ்கி, பிற்காலத்தில் எழுத்தாளரானார். ஹாஷெக்கின் ‘ஷ்வேய்க்’ நாவலைப் போலிஷில் தந்தவர் அவரே. 2001 முதல் 2004 வரை பிரதமராக இருந்த லெஷெக் மில்லரும் இவ்வூரில் பிறந்து இதே ஆலையில் வேலை பார்த்தவர்.

1990களின் சந்தைப் பொருளாதாரத்தில் லினன் தொழில் நொடிந்தது. இன்று ஊரின் பெயரை உலகுக்குக் கொண்டுபோவது இங்கே காய்ச்சப்படும் ‘பெல்வெடேர்’ வோட்கா. பழைய நூற்பாலைக் கட்டடம் விலையுயர்ந்த அடுக்ககமாகிவிட்டது. வார்சா போகிறவர்கள் ரயிலேறினால் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். இரட்டைக் கோபுரத் தேவாலயத்தையும் திட்ரிக் மாளிகையையும் பார்த்த கையோடு திரும்பிவிடாமல், லினன் அருங்காட்சியகத்துக்கும் போய்ப் பழைய இயந்திரங்களைப் பாருங்கள்.