தராசின் முகம்

2024 டிசம்பரில் ஒரு நாள் மாலை. அட்டனுக்கு அப்பால் ஒரு தோட்டத்தில், கொழுந்து நிறுக்கும் மடுவத்தின் ஓரமாக நின்றிருந்தேன். மழை தூறிக்கொண்டிருந்தது. பெண்கள் வரிசையாக வந்து சாக்குகளைக் கொக்கியில் மாட்ட, டிஜிட்டல் தராசில் சிவப்பு எண்கள் ஒளிர்ந்தன. கையடக்கக் கருவியில் ஒருவர் பதிந்துகொண்டிருந்தார். செக்ரோல் புத்தகத்தைக் காணவில்லை.

எனக்குத் தெரிந்த அக்கா ஒருவரின் முறை வந்தது. நான் நின்ற இடத்திலிருந்து 19 என்ற எண் தெரிந்தது. பதிவானது 17. சாக்குக்கும் ஈரத்துக்கும் 2 கிலோ கழிவு என்றார்கள். அத்தோட்டத்தில் முழுப்பேருக்கு 18 கிலோ எடுக்க வேண்டும். அன்று அக்காவுக்கு அரைப்பேர்தான். அவ்வாண்டு செப்டெம்பரில் நிர்ணயிக்கப்பட்ட நாட்சம்பளம் 1350 ரூபா. அதில் பாதி போயிற்று.

"பழைய தராசுல முள்ளாவது எங்க கண்ணுக்குத் தெரிஞ்சது ஐயா. இதுல அவுங்க சொன்னாத்தான் தெரியும்" என்றார் அக்கா. தராசின் முகம் பதிபவரை நோக்கியே இருந்தது.

வர்த்தகப் பக்கத்துக்கு எழுதிய காலத்தில் நான் படித்த பாடம் ஒன்றுண்டு. கார் செய்யும் கம்பனி கணினிமயமாகும்போது களஞ்சியத்தில் தேங்கும் உதிரிப்பாகம் குறையும், இயந்திரம் வீணே நிற்கும் நேரம் குறையும், செலவு இறங்கும். கூடவே, போட்டிக்கு உட்பட்டேனும், தன் காருக்கான விலையை அக்கம்பனி தானே குறிக்கலாம். ஆகவே, வரவு, செலவு என்ற இரு பக்கமும் அதற்குக் கைகொடுக்கும்.

தேயிலைக்கு அப்படியில்லை. விலையைக் கொழும்பு ஏலம் தீர்மானிக்கிறது. 1883 இல் தொடங்கிய அந்த ஏலத்தில், கூவல்களுக்கும் சுத்தியல் ஓசைக்கும் நடுவே நானும் குறிப்பெடுத்திருக்கிறேன். 2020 ஏப்ரலில், கொரோனா ஊரடங்கின் நடுவே, ஏலம் கணினித் திரைக்கு மாறியது. நாடே முடங்கியிருந்த வேளையில் தேயிலை விற்பனை நடந்தது மெய்யான சாதனையே. ஆனால், திரைக்கு வந்த பின்னரும் விலை சொல்பவர் வாங்குபவர்தான்.

எனவே 1992 இல் அரச தோட்டங்களின் நிர்வாகத்தைப் பொறுப்பேற்ற கம்பனிகள் தம் கையில் எஞ்சியுள்ள செலவுப் பக்கத்தையே இறுக்கிப் பிடிக்கின்றன. தேயிலையின் உற்பத்திச் செலவில் பெரும்பங்கு கூலி. ஆக, புதிய கருவிகளின் பார்வை முதலில் விழுவது கொழுந்துக் கூடையின் மீதுதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2 கிலோ கழிவில் 1 கிலோ உண்மையிலேயே சாக்கும் தண்ணீரும் என்று வைத்துக்கொள்வோம். மீதி 1 கிலோ கொழுந்து. கொழுந்தெடுப்போர் 200 பேர் என்றால் நாளொன்றுக்கு 200 கிலோ. ஒரு கிலோ தேயிலைக்கு ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். அப்படியானால் கூலிக் கணக்கில் சேராத 40 கிலோவுக்கு மேற்பட்ட தேயிலை நாள்தோறும் ஆலையிலிருந்து வெளியே வரும். ஆண்டறிக்கையில் அது 'வினைத்திறன்' என்ற பெயரில்கூட இடம்பெறலாம்.

கருவியைப் பழிப்பது என் நோக்கமன்று. கிராம் கணக்கில் சரியாக நிறுக்கும் தராசு, வெறும் சாக்கையும் அதே துல்லியத்தோடு நிறுக்கும். அதைச் செய்துவிட்டால் கண்மதிப்பாகக் கழிக்க இடமேது? நிறையை அச்சிட்ட துண்டொன்றைக் கையில் கொடுத்தால் மாத முடிவில் அக்காவும் கணக்குப் பார்ப்பார்.

இதில் கம்பனிக்கும் நலமுண்டு. மலையகத்து இளைஞர் கொழும்புக் கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் போய்க்கொண்டே இருக்கிறார்கள். கொழுந்தெடுக்க ஆளில்லாத மலை காடாகிவிடும். அதன்பின் எந்தக் கணினியும் இலாபம் காட்டாது.

கொழும்பில் நான் மரக்கறி வாங்கும் கடையில் தராசுக்கு இரண்டு முகங்கள். ஒன்று கடைக்காரருக்கு, மற்றது எனக்கு. அந்த இரண்டாவது முகத்தை மடுவத்துத் தராசிலும் வைப்பதற்கு என்ன செலவாகிவிடும்?